கொதிக்க வைத்த தண்ணீர்

1985 செப்டம்பர் 2, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். துணி காய்வதற்குள் சிமெண்டுத் தூசி படிந்துவிட்டது. திரும்பவும் அலசல்.

ஜப்பான்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர். சிமெண்ட் ஃபாக்டரிக்குப் புது மெஷின் பொருத்த. இரண்டு மாதம் அப்பா சமைக்கிற இந்தக் கெஸ்ட் ஹவுஸில்தான். பெரியவர் சைட்டோ, நரைத்த தலை. சின்னவர் மோரி, கண்ணாடி, ஒல்லி.

கார் சத்தம் கேட்டதும் நான் லாண்டரி ரூமுக்குள். யாராவது பெயர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா சமையல்கட்டு வாசலில். அவர்கள் இறங்கியதும் இடுப்பு மடிகிற வரை குனிந்தார். நம் ஊர்க் கும்பிடு இல்லை. கை இரண்டும் தொடையோடு ஒட்டி. அவர்களுக்கு ஒரே சந்தோஷம், பதிலுக்குக் குனிந்துவிட்டு உள்ளே போனார்கள். அப்பா நிமிரவே இல்லை. டிரைவர் முத்தையா அண்ணன் பெட்டியெல்லாம் இறக்கி முடித்துவிட்டு, "என்ன மாமா, கீழ எதையும் தொலைச்சுட்டீங்களா?" என்றார். அப்புறம்தான் நிமிர்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

ஃபாக்டரி மேனேஜர் சாயங்காலம் வந்து ஹிந்தியில் சொன்னது: அப்பாவுக்கு வயதாகிவிட்டது. விசா புதுப்பிக்க வேண்டுமா என்று கஃபீல் யோசிக்கிறார். (கஃபீல் என்றால் எங்கள் விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளி.) ஜப்பான்காரர்கள் ஒரு குறையும் சொல்லாமல் திரும்பிப் போனால் அப்பா இங்கேயே இருக்கலாம். குறை வந்தால் அப்பா ஊருக்கு. நான் கஃபீல் வீட்டுக்கு. என் விசா அவர் வீட்டு வேலைக்காரி என்றுதான் இருக்கிறது.

ஊரில் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள். அம்மா போன பிறகுதானே என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தி இங்கே கூட்டி வந்தார்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்றும் பக்கத்துக் கல் குவாரியில் வெடி. கண்ணாடி டம்ளர்கள் அலமாரியில் ஆடின.

அப்பாவிடம் ஏதோ மாறிவிட்டது. எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைக்கிறார். குடிக்க, காய்கறி கழுவ, தட்டு கழுவக்கூட. சாப்பிடும் முன் ஒவ்வொரு தட்டையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் என்னிடம் தருகிறார். கை முழுக்கக் கொப்புளம். புது கேஸ் சிலிண்டர் அதற்குள் காலி. மேனேஜர் கத்தினார். அப்பா அடுத்த பானையை அடுப்பில் ஏற்றினார்.

நான் குழாயில் வாய் கொப்பளித்ததைப் பார்த்துவிட்டார். என் தாடையைப் பிடித்துத் துப்ப வைத்தார். "கொதிக்காத தண்ணி வாயில படக்கூடாது தாயி." அடிக்கவில்லை. ஆனால் அந்தக் கை அடிப்பது மாதிரிதான் இருந்தது.

பாட்டில் தண்ணீர்தான் கடையில் கிடைக்கிறதே என்றேன். காதில் விழவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

லீவு. ஜப்பான்காரர்கள் கடலுக்குப் போனார்கள். தலைக்குக் குளித்தேன். மழை வரும்போல மூட்டம், மழை இல்லை.

முத்தையா அண்ணன் டீ குடிக்க வந்தவர் என்னிடம் மெதுவாக, "பாப்பா, மாமாவுக்கு ஜப்பான் பாஷை தெரியுமா? மோரிகிட்ட என்னமோ சொன்னாரு, அந்தாளு வாயைப் பொளந்துட்டு நிக்கிறான்" என்றார். தெரியாது என்று தலையாட்டினேன். பொய்.

அம்மா ஒருமுறை சொன்னது. அப்பா பிறந்தது மலாயாவில், ரப்பர் தோட்டத்தில். சண்டையில் வெள்ளைக்காரன் ஓடிப்போனான், ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டு போனான். கொஞ்ச நாள் வேலை, நல்ல சோறு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அப்பாவும் அப்பாவின் அப்பாவும் ஒரே வண்டியில். அப்போது அப்பாவுக்கு என் வயது, பதினைந்து. திரும்பி வந்தது அப்பா மட்டும். அதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியாது. "கேக்காத. கேட்டா அன்னைக்குச் சோறு எறங்காது அந்த மனுசனுக்கு" என்றாள்.

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டாம் உலகப் போர் உண்டு. காரணங்கள், போக்கு, விளைவுகள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். விளைவுகளில் எல்லைகள் மாறின, புதிய நாடுகள் தோன்றின, ஐ.நா. சபை. இன்னும் இரண்டு மறந்துவிட்டது. சயாம் ரயில் அதில் இல்லை. இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மோரி மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கி வந்தார். நல்ல வெயில் நேரத்தில், வெறும் பிளாஸ்டிக் பையில், ஐஸ் இல்லாமல். அவரே சமையல்கட்டில் நின்று மெல்லிசாக வெட்டி, பச்சையாகவே தட்டில் அடுக்கினார். அப்பா குறுக்கே போய் நின்றார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மோரி சிரித்துக்கொண்டே அப்பாவுக்கும் ஒரு துண்டு நீட்டினார். நல்ல மனிதர். என்னைப் பார்த்தால் அவரும் வெட்கப்பட்டுத் தரையைப் பார்ப்பார்.

சைட்டோ தொடவில்லை. மோரி முழுவதும் சாப்பிட்டார்.

அப்பா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

விடிந்தபோது மோரிக்கு வாந்தி பேதி. படுக்கை முழுவதும் நாசம். நான்தான் துணியை எடுத்தேன். கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

மேனேஜர் வந்தார். சைட்டோவும் அவரும் வராந்தாவில் இங்கிலீஷில் பேசினார்கள். ஹாஸ்பிடல், ஹாஸ்பிடல் என்று பலமுறை. ஆம்புலன்சுக்குப் போன் செய்ய ஃபாக்டரிக்குத்தான் போக வேண்டும், இங்கே லைன் செத்து நாலு நாள். போகும்போது மேனேஜர் திரும்பி என்னிடம் மெத்தையையும் விரிப்பையும் பின்னால் கொண்டு போய்ப் போடச் சொன்னார். "சப் ஜலா தோ." எல்லாவற்றையும் கொளுத்திவிடு.

அது அப்பா காதிலும் விழுந்தது.

நான் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனேன். திரும்பி வரும்போது அப்பா மோரியை முதுகில் தூக்கிக்கொண்டு சமையல்கட்டு வழியாக வெளியே வருகிறார். மோரியின் கால் இரண்டும் தரையில் இழுபட்டன. அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம், முன்பு குவாரி ஆட்கள் இருந்த பழைய தகரக் கொட்டகை. அங்கே நுழைந்தார். நான் பாத்திரம் கழுவப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. கட்டில் காலி. சைட்டோ ஒவ்வொரு ரூமாகத் திறந்து பார்த்தார், பாத்ரூம், மாடி, தண்ணீர்த் தொட்டி. போலீஸ் ஜீப்பும் வந்தது. மேனேஜர் என்னைப் பிடித்து உலுக்கினார். எனக்கு எந்தப் பாஷையும் வாயில் வரவில்லை. அழுதேன். இது ஒன்றும் தெரியாத பெண் என்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் மோட்டார் சத்தத்தோடு கடற்கரை ரோட்டுப் பக்கம் தேடப் போனார்கள்.

அந்த நேரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். உள்ளே அடுப்புக்குள் போன மாதிரி. தகரத்தைத் தொட முடியவில்லை. அப்பா கெட்டிலில் கொதித்த தண்ணீர், உப்பு, சர்க்கரை எல்லாம் வைத்திருந்தார். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டு, அட்டையால் விசிறிக்கொண்டு. மோரிக்குக் கண் உள்ளே போய்விட்டது. உதடு வெடித்திருந்தது. அவர் ஏதோ முனகினார், அப்பா அவர் பாஷையிலேயே பதில் சொன்னார்.

அப்பா, ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து கொடுப்பார்கள், விட்டுவிடுங்கள் என்றேன்.

அப்பா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

"ஆசுபத்திரி என்னன்னு எனக்குத் தெரியும் தாயி. எங்கப்பாவுக்குப் பேதி கண்டப்ப மூங்கிப் புதருக்குள்ள வெச்சுக் காப்பாத்துனேன். கொதிச்ச தண்ணி குடுத்தேன். தேறிட்டு வந்தாரு. எங்கூட ஒரே தோட்டத்துல பொறந்தவன், பக்கத்துல படுக்கிறவன், பயத்துல போய்ச் சொல்லிட்டான். ஆசுபத்திரின்னுதான் தூக்கிட்டுப் போனானுவ. கீத்துக் கொட்டகை. உள்ள எல்லாப் பயலும் தமிழ்லதான் கத்துறான், தண்ணி தண்ணின்னு. மறுநா கொட்டகையோட கொளுத்திட்டானுவ. கத்துறவனையும் சேத்து."

விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இவர் ஜப்பான்காரர் அப்பா, இவரை ஜப்பான்காரரே எரிப்பாரா என்று கேட்டேன்.

"சீக்கு வந்தவன் எந்த ஊர்க்காரனும் இல்ல."

கஞ்சியை வைத்துவிட்டு வந்தேன். மோரியின் கை என் தாவணி நுனியைப் பிடித்திருந்தது. பிடி என்று சொல்ல முடியாது, விரல் சிக்கியிருந்தது. எடுத்துவிட்டேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு முத்தையா அண்ணன் மட்டும் முன்னால் திரும்பி வந்தார். சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்தார். என்னை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"பாப்பா, நான் போலீஸ் இல்ல. மாமா எங்கன்னு உனக்குத் தெரியும். அந்தப் பய செத்துட்டான்னா இது கொலைக் கேசு. இந்த ஊர்ல என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்ல? உசுரோட கெடைச்சான்னா மாமாவும் உசுரோட இருப்பாரு. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

கையை நீட்டிக் கொட்டகையைக் காட்டினேன்.

அண்ணன் கூப்பிட்ட போலீஸ்காரர்கள் கதவை உதைத்துத் திறந்தபோது அப்பா மோரியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அப்பா என்னைப் பார்க்கவில்லை, நான் நீட்டியிருந்த கையைப் பார்த்தார். அதை ஏன் இன்னும் கீழே போடாமல் நின்றேன்.

செப்டம்பர் 11, புதன்

ஒன்றும் இல்லை. காற்று. மெத்தையை எரித்த இடத்திலிருந்து கருப்பாகப் பறந்து வருகிறது. கூட்டினேன், திரும்பவும் வந்தது.

சமையல் யாரும் செய்யவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மோரி பிழைத்துவிட்டார். முத்தையா அண்ணன் ஃபாக்டரியில் கேட்டு வந்து சொன்னார். துபாய் ஆஸ்பத்திரியில் வைத்து, இன்று காலை ஃப்ளைட்டில் அவர் ஊருக்கே அனுப்பிவிட்டார்களாம். கெட்ட மீன்தான், காலரா இல்லையாம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கொட்டகையில் இருந்திருந்தால் சூட்டிலேயே போயிருப்பான் என்றாராம் டாக்டர். அந்தத் தண்ணீர் கொடுக்காமல் இருந்தால் அதற்கு முன்னாடியே போயிருப்பான் என்றும் சொன்னாராம். இரண்டையும் அதே டாக்டர்தான் சொன்னார்.

சைட்டோ கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெட்டி எடுக்க வந்தபோது என்னிடம் ஏதோ கேட்டார், அப்பா எங்கே ஜப்பான் பாஷை படித்தார் என்று கேட்டதாக முத்தையா அண்ணன் சொன்னார். அண்ணன்தான் "சயாம், ரெயில்" என்றார். சைட்டோ பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டு போனார். அவருக்கும் அப்பா வயதுதான் இருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

போலீஸ் கேஸ் இல்லை, ஆனால் அப்பா விசா கேன்சல். கலாஸ், முடிந்தது. எனக்கு நாளை முதல் கஃபீல் வீடு.

முத்தையா அண்ணன் போலீஸ்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி என்னை ஸ்டேஷனுக்குள்ளே கூட்டிப் போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா. தாடி. தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறாராம், குழாய்த் தண்ணீர் என்பதால். ஃப்ளாஸ்க்கில் கொதிக்க வைத்துக் கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். குடித்தார். அது போதும் என்று நினைத்தேன்.

குடித்துவிட்டு, "சாம்பலாச்சும் எடுத்து வெச்சியா தாயி?" என்றார்.

இல்லை அப்பா, மோரி உயிரோடு இருக்கிறார், பிழைத்துவிட்டார், அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முத்தையா அண்ணனும் சத்தியம் செய்தார்.

அப்பா தலையை ஆட்டினார். கோபம் கொஞ்சமும் இல்லை. சின்னப் பிள்ளைக்குப் புரிய வைப்பது மாதிரி சொன்னார்:

"எங்கப்பாவைக் கேட்டப்பவும் இதான் சொன்னானுவ. ஊருக்கு அனுப்பிட்டோம்னு."

நேரம் முடிந்தது என்று போலீஸ்காரர் வந்துவிட்டார். அப்பா ஃப்ளாஸ்க்கைக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தார், உள்ளே வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

கஃபீல் வீடு. ஐந்து குழந்தைகள். துணி, பாத்திரம், வாசல். எல்லோரும் யல்லா யல்லா, சீக்கிரம் சீக்கிரம். ஒரு மூலையில் எனக்கு மெத்தை. மேடம் கெட்டவர் இல்லை. இன்று ஒரு பழைய கவுன் கொடுத்தார்.

கையில் சோப்புத் தண்ணீர் பட்டு விரிசல்.

அப்பாவைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. முத்தையா அண்ணனை அபுதாபி சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

இப்போதுதான் கொஞ்சம் வெயில் குறைந்திருக்கிறது.

மேனேஜர் கஃபீலைப் பார்க்க வந்தார். டீ கொண்டு போகச் சொன்னார்கள். தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒரு ஆம்பளையிடம் கேட்டேன், ஹிந்தியில், அப்பா எங்கே என்று.

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். போன வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டோம்.