கோணலாய் நின்ற குதிரை

என் செல்லச் சண்டைக்காரன் சேவியருக்கு,

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் நேரில் சொல்லலாம் என்றுதான் மெழுகுவத்தியோடு வந்தேன். அம்மா பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நான் வாயைத் திறந்தால் அவள் அழ ஆரம்பிப்பாள், அப்புறம் அவளைத் தேற்றவே பொழுது போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

உன் அக்கா செஸ் ஆடுகிறேன்டா.

சிரித்துவிட்டாய், தெரியும். "மரக்கட்டையை முறைச்சுப் பார்த்துட்டு மூணு மணி நேரம் உக்காந்திருக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று உன்னை எத்தனை வருஷம் கிண்டல் செய்தேன்! நீ கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடுவாய். நான் கீழே தையல் மெஷினில் உட்கார்ந்து, ஆறிப்போன உன் காபிக்காக உன்னைத் திட்டிக்கொண்டிருப்பேன். இப்போது என் காபி ஆறுகிறது. திட்ட ஆளில்லை.

நீ போன பிறகு ஒரு சனிக்கிழமை, உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பி வீடு வெறிச்சோடிக் கிடந்தது. நாலு மணிக்கு கேட் சத்தம். பார்த்தால் உன்னிடம் செஸ் கற்க வரும் உன் பிள்ளைகள், வழக்கம்போல வரிசையாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். "சார் இல்லம்மா இனிமே, கிளாஸ் கிடையாது" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. நாங்களே ஆடிக்கிறோம். பலகை மட்டும் குடுங்க" என்றாள் யாழினி. நம் தெருவுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடும் மோகனின் மகள், மூணாம் வகுப்பு படிக்கிறாளே, அவள்தான்.

மாடி ஏறிப் பையை எடுத்துக் கொடுத்தேன். அதுகள் பரப்பி வைத்த அழகு இருக்கிறதே! யானை ஒரு பக்கம் சாய்ந்து, குதிரை கோட்டின் மேல் நின்று, ராணி பக்கத்துக் கட்டத்தில் பாதி. உனக்குத்தான் என் கையைத் தெரியுமே. துணியில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. உன்னைப் பெட்டியில் படுக்க வைத்தபோது உன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. ஊரே பார்க்க நான் குனிந்து அதை நீவிவிட்டேன். அந்தக் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு பலகையாகப் போய்க் காய்களை நடுக்கட்டத்தில் நேராக நிறுத்தினேன். உன் காய்களை நான் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குதிரை எப்படிப் போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாழினி. "நேரா ரெண்டு கட்டம் போயிட்டு ஒரு கட்டம் திரும்பணும் ஆன்ட்டி, நம்ம தெருவுலேர்ந்து ஸ்டோருக்குத் திரும்புற மாதிரி" என்றாள். புரிந்துவிட்டது. புரிந்ததும் உடம்பு சிலிர்த்ததுடா. இவ்வளவு சின்னக் குதிரை, நடுவில் யார் நின்றாலும் தாண்டிப் போகிறதே! இதை ஏன் நீ எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை? சொன்னாய், நான்தான் காது கொடுக்கவில்லை என்கிறாயா? சரி, சரி.

அப்புறம் பைத்தியம் பிடித்துவிட்டது. மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஹெம்மிங் அடித்தபடியே புதிர்களைப் போட்டுப் பார்ப்பேன். ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையையே இரண்டு வைத்துவிட்டேன். அந்த அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கவலையாகக் கேட்டாள். என்னவென்று சொல்வது? எதிராளியின் பிஷப்பை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றா?

புதுசாகச் சின்னப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பழைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பொறுமை இல்லை, எனவே நான் ஆரம்பித்தேன். ஒன்று கண்டுபிடித்தேன் தம்பி, உனக்கும் இது நடந்திருக்குமா? சொல்லித்தரச் சொல்லித்தர என் ஆட்டம்தான் தேறியது. "ஏன் ஆன்ட்டி?" என்று ஒரு வாண்டு கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தெரியாது என்று ஆகிவிடும். ராத்திரிச் சமையலை அம்மா தலையில் கட்டிவிட்டு உட்கார்ந்து தேடுவேன்.

ஒருநாள் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு நிலையை வைத்துக்கொண்டு மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தோம். சும்மா இருந்தால் தோற்க மாட்டோம். ஆனால் நம் முறை வந்துவிட்டது, சும்மா இருக்கக் கூடாது, எதை நகர்த்தினாலும் தோல்வி. மாடியில் ஒரு சத்தம் இல்லை. எல்லாத் தலையும் ஒரே பலகை மேல் கவிழ்ந்திருக்கிறது. அப்போது ஒரு பொடியன், "ஆன்ட்டி, யாருமே நம்மள அடிக்கல, ஆனா நாம தோத்துட்டோம்" என்று ரகசியம் மாதிரிச் சொன்னான். அறுபத்து நாலு கட்டத்துக்குள் இதையெல்லாம் யார் கொண்டுவந்து வைத்தது? கோயிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது தலை தானாகக் குனியுமே, எனக்கு அப்படித்தான் இருந்தது. சாமியாரிடம் சொல்லிவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாசம் மோகன் கேனை இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றான். "மேடம், தப்பா எட்துக்காதீங்க. சார் இருந்தாரு, ஆட்டம் தெரிஞ்ச மனுசன். நீங்க இப்பத்தான கத்துக்கினு கீறீங்க? பாப்பாவ ஆவடில ஒரு அகாடமில சேக்கலாம்னு கீறேன்" என்றான்.

"உன் பொண்ணு, உன் இஷ்டம்" என்றேன் வெடுக்கென்று.

"கோச்சுக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, உங்ககிட்ட கத்துக்கற புள்ளையே உங்கள ஜெயிச்சிட்டா, அப்பால உங்ககிட்ட இன்னா கீது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் யாழினி போனால் அவள் பின்னால் மற்றவர்களும் போவார்கள். மாடி காலியாகிவிடும். நீ இரண்டாவது தடவையும் போய்விடுவாய் என்று எனக்கு அப்படி ஒரு பயம்.

அடுத்து வந்த ஞாயிறு வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. பெரியவர், சிறியவர் எல்லாரும் கலந்து ஆடுகிற போட்டி. பிள்ளைகளோடு நானும் பெயர் கொடுத்திருந்தேன். மோகன்தான் கேன் ஏற்றும் தன் குட்டியானை வண்டியில் எங்களை அள்ளிக்கொண்டு போனான். மணமேடையில் யாருடைய கல்யாணத் தோரணமோ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வரிசை வரிசையாகப் பலகைகள். காலையில் ஒரு பேங்க் ஆபீசரை ஜெயித்தேன்டா! பதற்றத்தில் கை கொடுக்க மறந்து அவரைக் கும்பிட்டுவிட்டேன்.

கடைசிச் சுற்றுக்கு யார் யாரோடு என்று சுவரில் ஒட்டினார்கள். பார்த்தேன். என் பெயருக்கு எதிரே யாழினி.

பெற்றவர்களை உள்ளே விடவில்லை. மோகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நீ பழக்கியபடி அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யோசித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கை வெளியே வராது. விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதை விடக் கேவலம் அவளுக்கு வேறில்லை என்று தோன்றியது. ஒழுங்காக ஆடினேன். நன்றாகவே ஆடினேன், உன்மேல் ஆணை. என் பக்கம் ஒரு பிஷப் அதிகம். பிடி என் கையில்.

அப்போதுதான் அவள் தன் குதிரையை டொக்கென்று வைத்தாள். கோணலாக. பாதி இந்தக் கட்டம், பாதி அந்தக் கட்டம், முகம் பக்கவாட்டில்.

என் முறை. என்ன ஆடலாம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கை தன்பாட்டுக்குப் போய் அந்தக் குதிரையை நடுவில் நகர்த்தி, முகத்தை முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டது. மாடியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிற வேலைதானே.

தொட்ட காயை ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்டியாக வேண்டும். நேராக வைக்க மட்டும்தான் தொடுகிறோம் என்றால், தொடுவதற்கு முன்னாலேயே 'அட்ஜஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அந்தக் குதிரையை வெட்ட முடிந்தது என் ராணி ஒருத்திதான். வெட்டினால் அதன் பின்னால் சாய்கோட்டில் நிற்கிற சிப்பாய் என் ராணியைத் தூக்கிவிடும்.

சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை. நடுவர் மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தார். ஆனால் யாழினி பார்த்துவிட்டாள். பலகையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கை மட்டும் தொடைக்கு அடியிலேயே இருந்தது.

"ஆன்ட்டி," என்றாள். "நீங்க அட்ஜஸ்ட்னு சொல்லல."

நான் என் ராணியைப் பார்த்தேன்.

"தொட்டா ஆடணும் ஆன்ட்டி."

கோபம் வந்தது, உன்னிடம் மறைப்பானேன். குதிரையை ஒழுங்காக வைத்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே, கழுதை! அடுத்த மூச்சில் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. பேன் பார்த்துச் சடை பின்னிவிட்டிருக்கிறேன் அவளுக்கு. பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்கள் எதிரே குரலே எழும்பாத பிள்ளை. அவள் நடுங்கிக்கொண்டே என்னிடம் சட்டம் பேசுகிறாள். இந்தத் தைரியம் அவ்வளவு சின்ன உடம்பில் எங்கே இருந்தது? எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது.

ராணியால் குதிரையை வெட்டினேன். அவள் சிப்பாய் என் ராணியை எடுத்தது. அதற்கப்புறம் அவள் ஆடியதை நீ பார்த்திருக்க வேண்டும் சேவியர். அவசரமே இல்லை. ஒவ்வொரு தடவையும் கை அடியில், கண் பலகை முழுக்க, யோசித்து முடித்த பிறகுதான் ஒரு நகர்வு. நான் தோற்றுக்கொண்டே அதை ரசித்தேன். முடிந்ததும் அவளுக்குக் கை கொடுத்தேன். ஜெயித்தவள் ஓவென்று அழுதாள்.

திரும்பி வரும்போது மற்றப் பிள்ளைகள் பின்னால் காலிக் கேன்களைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் மோகன், அவள், நான்.

"ஜெயிச்சிட்டு இன்னாத்துக்குமா அய்ற?" என்றான் மோகன். அவள் நடந்ததைச் சொன்னாள். குதிரை, என் கை, எல்லாம்.

"பெரியவங்ககிட்ட அப்டி சொல்லுவியா நீ?"

"சேவியர் சார்தான்ப்பா சொல்லச் சொன்னாரு. வேணும்னே ஒரு காயத் தொட்டுட்டு வேற காய ஆடுவாரு. நாங்க புடிக்கணும். யாரும் சொல்லலன்னா, 'என்னப் பாத்து பயமா?'ன்னு திட்டுவாரு." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அந்த மாதிரி வேணும்னேதான் தொட்டீங்களா ஆன்ட்டி?"

அடப்பாவி, இப்படி ஒரு வேலை செய்து வைத்துவிட்டா போயிருக்கிறாய்? எனக்குத் தெரியவே தெரியாதே!

எனக்கு வழி கிடைத்துவிட்டது, கவனித்தாயா? 'ஆமாம்மா, சோதிச்சுப் பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானமும் நிற்கும், மாடியும் நிற்கும். மோகன் வண்டியை மெதுவாக்கிக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். அவளோ என் வாயையே பார்க்கிறாள், என் கையைப் பார்த்தாளே, அதே கண்ணால்.

"இல்லம்மா" என்றேன். "ஆன்ட்டி தெரியாம தொட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். நீ சொன்னதுதான் சரி. நீ நியாயமா ஜெயிச்ச."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டாள். மோகன் மறுபடி வண்டியை வேகமாக்கினான். அம்பத்தூர் எஸ்டேட் தாண்டியது, கள்ளிக்குப்பம் வந்தது, நம் வீட்டு வாசலும் வந்தது. சரி, முடிந்தது என்று இறங்கினேன். வண்டியைத் திருப்பப் போனவன் தலையை வெளியே நீட்டி, "மேடம், சனிக்கெயம நாலு மணிதான கிளாஸு?" என்றான்.

இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் அவன்தான் கொண்டுவந்து விடுகிறான். அவனுக்கு மணி தெரியாதாம்!

"நாலு மணிதான்" என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். நீ போன பிறகு துக்கமில்லாமல் அழுதது அதுதான் முதல் தடவை.

நேற்று சனிக்கிழமை. எல்லாரும் வந்தார்கள், அவளும் வந்தாள். நான் ஒவ்வொரு பலகையிடமும் போய் 'அட்ஜஸ்ட்' என்று சொல்லிவிட்டுத்தான் காயைத் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

அன்றைக்கு உன் காலரைச் சரிசெய்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை உன் காய்களை நேராக நிறுத்தியபோதும் சொல்லவில்லை. சும்மா நேராக வைக்கத்தான் தொட்டேன், ஆடுவதற்கு இல்லை என்று இனிமேல் நான் சொல்ல முடியாது, உன் பிள்ளைகள் விட மாட்டார்கள். தொட்டுவிட்டேன்டா தம்பி. ஆடுகிறேன்.

கோணல் பொறுக்காத உன் அக்கா,
ஸ்டெல்லா