நெத்திலி காய்ந்த சோலார் பேனல்

அத்தை,

நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. மழை விட்டதும் பரணிலிருந்து சோலார் பேனலை எடுத்து மாடியில் விரித்தேன். நான்காக மடிக்கிற அதே பேனல்தான். பிரித்த உடனே மடிப்புக்குள்ளிருந்து நெத்திலி வாடை. சோப்புத்தண்ணீர், எலுமிச்சை, கடைசியில் பெட்ரோல் வரைக்கும் போட்டுத் துடைத்தாகிவிட்டது. தையலுக்குள் இறங்கிய வாடை போகவே இல்லை. முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம்தான் உன் நினைப்பு வந்தது. இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

குப்பத்து மணலில் நீ மீன் ஏலம் விட்டால் மெயின் ரோட்டில் லாரி டிரைவர் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடுவதற்குக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. பேசுவதற்கு டார்ச் லைட் மாதிரி ஒரு மெஷின். தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்து வாயை அசைத்தால் தகர டப்பாவுக்குள் வண்டு பேசுவது போல வார்த்தை வரும். ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது.

முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். "இன்னாடா மருமவனே, செத்துப்போன உங்க மாமா எனுக்குள்ள குந்திகினு பேசறாப்புல கீது."

நீ ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்த மாதங்களில் உன் இடத்தில் நின்று ஏலம் விட்டவள் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியக்கா. அவள் உதவிக்குத்தான் வந்தாள். ஆனால் நம் கரையில் எந்தப் படகு யார் முன்னால் மீனைக் கொட்டுகிறதோ அவர்தான் அந்தப் படகுக்கு ஏலக்காரர். நாள் போகப் போக அது பழகிவிடும், திரும்ப வாங்க முடியாது. நீ வீட்டுக்கு வந்த வாரம் புயல். கடலுக்குப் போகத் தடை. படகுக்காரர்கள் வந்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்: "கடலு தொறக்கற அன்னிக்கு யக்கா வந்து ஏலம் வுட்டுச்சுன்னா எடம் யக்காவுது. இல்லாங்காட்டி கஸ்தூரியே பாத்துக்கட்டும்."

உனக்கு வேறு என்ன இருந்தது? அந்த இடம்தான் இருந்தது.

புயலில் கம்பங்கள் சாய்ந்து குப்பம் முழுக்கக் கரண்ட் போனது. வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தன. நமக்கு மெழுகுவத்தி. உன் மெஷினின் பேட்டரி காலி, மாற்று பேட்டரியிலும் கொஞ்சம்தான் மிச்சம். ஜெனரேட்டர் வைத்திருந்த கடைக்காரர் ஊர் போன்களையெல்லாம் வரிசையாக மாட்டியிருந்தார். உன் மெஷினைப் பார்த்ததும், "இது இன்னா, வெடிக்குமா?" என்று கையால் தள்ளிவிட்டார். அப்போதுதான் நான் வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டில், பெட்டிகளைச் சோதிக்கிற மீட்டருக்கு சார்ஜ் போட வாங்கியிருந்த பேனலை எடுத்து வந்தேன்.

மேகம் வந்தால் பேனல் தரும் கரண்ட் சட்டென்று இறங்கும். உன் சார்ஜர் உடனே கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் பேனலிலிருந்து பவர் பேங்க், பவர் பேங்கிலிருந்து உன் பேட்டரி என்று வைத்தேன். பேனல்மேல் படிகிற புகைபோக்கிச் சாம்பலை ஈரத்துணியால் துடைத்தேன். வெயில் நகர நகரப் பேனலைத் திருப்பினேன். உன்னிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னேன். கடல் திறக்கிற வரைக்கும் பேசாதே.

"நான் பேசாம குந்திகினு இருந்தா, செத்துட்டேன்னு சொல்லி சொந்தக்காரன் மாலயோட வந்துருவான்டா."

"இதுக்கே சார்ஜ் போச்சு" என்றேன்.

"போட்டும். நல்லா சொன்னேன்ல?"

பேனலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உன்னை மாடியில் உட்கார வைத்துவிட்டுப் போனால், காக்காயை மெஷின் வைத்துத் திட்டிக்கொண்டிருப்பாய். கையைத் தட்டி விரட்டலாமே என்று கேட்டதற்கு, "திட்னாத்தான் போவுது" என்றாய். உனக்கு சார்ஜ் போட்டது வேலை. உன்னை அடக்கியதுதான் பேஜார்.

தடை நீங்குகிறது, இன்று நள்ளிரவிலிருந்து கடலுக்குப் போகலாம் என்று அறிவித்த அன்று நல்ல வெயில். ஒரே மதியத்தில் பேட்டரியை நிரப்பிவிடலாம் என்று பார்த்தேன். நீ மாத்திரை போட்டுக் கண்ணயர்ந்துவிட்டாய். நான் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த ஆட்கள் வந்தார்களா என்று விசாரிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால், பேனலின் ஒரு மடிப்பு முழுக்க நெத்திலி. புயலில் நனைந்துபோன கருவாட்டைக் கஸ்தூரியக்கா பரப்பிவிட்டிருந்தாள். பவர் பேங்கில் ஒன்றும் ஏறவில்லை. நான் போட்ட சத்தத்தில் நீயும் எழுந்துவிட்டாய், அவளும் ஓடி வந்தாள்.

"கறுப்பா பாய் மாரி விரிச்சு கீது, வெயிலும் நல்லா உழுது. ஒரு ஓரமாத்தான போட்டேன்? முழுசாவா போட்டேன்?"

ஒரு மடிப்பை மறைத்தாலே மற்ற மூன்றும் படுத்துவிடும் என்று விளக்கினேன்.

"அது இன்னாடா, ஒருத்தன் குந்திட்டா எல்லாரும் குந்திடுவானுங்களா? சங்கத்துல சேந்த பேனலா?"

நான் சிரித்திருக்கக் கூடாது. நீ மெஷினை எடுத்துத் தாடையில் வைத்தாய். "எம் எடத்துல குந்துன. இப்போ எம் வெயில்லயும் குந்திகினியா?"

"ஆமா, உன் எடத்த நான் மூட்ட கட்டி வூட்டுக்கு எத்துனு போனேன் பாரு! நான் நிக்கலைன்னா உன் படகுலாம் எவன் கைக்கோ பூட்டிருக்கும்!"

அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசியதை எழுத முடியாது. நடுவில் நின்று, "சார்ஜ் போவுது, சார்ஜ் போவுது" என்று கத்தினேன். "நீ சும்மா இர்றா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னீர்கள். அதில் மட்டும் ஒற்றுமை. கடைசியில் உன் குரல் தேய்ந்து நின்றது. உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்ச வெயிலில் பாதி பேட்டரிதான் ஏறியது.

காலையில் கரையில் நின்றோம். நீ புதுப் புடவை. பழையபடி விலையை அடுக்கிக்கொண்டே ஏற்றுகிற வேகம் அந்த மெஷினுக்கு வராது. வியாபாரிகள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நீ ஆளைக் கையால் சுட்டினாய், அவர்களையே விலை சொல்ல வைத்தாய். முடிக்கிற இடத்தில் மட்டும் மெஷினை அழுத்தி, "உனுக்கு" என்றாய். காதில் விழவேண்டும் என்று எல்லாரும் நெருங்கி வந்து நின்றார்கள். ஒவ்வொரு படகாக நகர்ந்தது. நான் மீனைப் பார்க்கவில்லை, மெஷினில் எரிந்த சின்ன விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படகின் வஞ்சிரத்தைக் கொட்டியபோது அது அணைந்தது.

ராயபுரத்திலிருந்து வருகிற தடித்த வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். நீ அழுத்தினாய். சத்தம் இல்லை. "யக்கா, மெஷினு பூட்ச்சு. கஸ்தூரிய கூப்டு" என்றார். கஸ்தூரியக்கா சற்றுத் தள்ளி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். உதட்டை அசைத்தாய். இத்தனை நாளில் அதைப் படிக்கப் பழகியிருந்தேன். "இந்த விலை கட்டாதுன்னு அத்தை சொல்றாங்க" என்றேன்.

கையில் நறுக்கென்று கிள்ளினாய். மறுபடியும் அதையே, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். வேறு வழியில்லை.

"சோமாறி, வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் வித்தியாசம் தெரியாத உனுக்கு எதுக்குடா யாபாரம்? போயி வூட்டாண்ட பொரி வித்துக்கோ."

முதலில் சிரித்தது கஸ்தூரியக்காதான். அப்புறம் கரையே சிரித்தது. அவமானத்திலோ என்னவோ, அவரே விலையை ஏற்றினார். நீ அவரை நோக்கி விரலை நீட்டினாய். நான் "உனுக்கு" என்றேன். இடம் உன்னுடையதாகவே நின்றது.

கரண்ட் வந்த பிறகும் நீதான் ஏலம் விட்டாய். மறுபடி நோய் வந்து படுக்கிற வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ தெளிவாக இருந்த மதியம், முழு சார்ஜோடு மெஷினை நீட்டினேன். தள்ளிவிட்டாய். வெளியே பெஞ்சில், கஞ்சித் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கஸ்தூரியக்கா தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாய். "எடத்த அவளுக்கே குடுத்துரு."

சரி என்றேன்.

"நான் சொன்னேன்னு சொல்லாத."

"ஏன்?"

"தல மேல ஏறிக் குந்திக்குவா."

படகுக்காரர்கள் கேட்டபோது, கஸ்தூரியக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று நானே முடிவெடுத்ததுபோலச் சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வீட்டிலிருந்து குழம்பு வருகிறது. எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது, உனக்கே தெரியும். மனதில் பட்டதை மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லி இரண்டு முறை யார்டு மாற்றப்பட்டவன். இதை மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்று மாடிக்கே கிண்ணத்தோடு வந்தாள். சங்கரா மீன் குழம்பு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். "நீ மனசுக்காரன்டா. உங்க அத்தயா இருந்தா எனுக்குக் குடுத்துருக்குமா, சொல்லு?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"குடுத்திருக்காதுக்கா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அது உனக்குச் சேரவேண்டிய மீன், அத்தை. முள்ளெடுத்து நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.