பூசினாற்போல் ஆன முகம்

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லையடி. போனில் பேசினால் அழுதே தொலைப்பேன், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அப்பா மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்தார்களே, அது மூன்று வாரத்துக்குத்தான், அதற்குள் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கிற ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டரம்மா அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டார். இந்த மனுஷன் கேட்டால்தானே! கையக் கீறிட்டா பட்டறையில லேத்து மிஷின்ல எப்படி நிப்பேன், இந்தக் குழாயே நல்லாத்தான வேலை செய்யுது என்று நாலு மாதம் ஓட்டிவிட்டார். நானும் சரி சரியென்று தலையாட்டினேன். போன மாதம் முகம் பூசினாற்போல் ஆனது, சட்டைக் கழுத்து இறுக்குது என்றார். உடம்பு தேறுகிறது என்று எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா, பதினைந்து அங்குலக் காலரைப் பிரித்துப் பதினாறரை வைத்துத் தைத்தேன். இருபத்தெட்டு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன், இடுப்பு ஒரு நூல்கூட ஏறாமல் கழுத்து மட்டும் ஒன்றரை அங்குலம் ஏறுமா என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அந்தச் சட்டையோடு அவரை எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே நீ, அப்பா முகம் ஏம்மா வீங்கியிருக்கு என்று கேட்டாய். கண்ணு வைக்காதடி என்று உன்னைத் திட்டினேன். இந்த வாயை என்ன செய்வது.

வீக்கம் கைக்கும் இறங்கி, படுத்தால் மூச்சு முட்டிய பிறகுதான் ஓடினோம். குழாய் உரசி உரசி நெஞ்சுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாய் சுருங்கிவிட்டதாம், ரத்தக்கட்டியும் அடைத்திருக்கிறதாம், தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் வழியில்லாமல் முகத்தில் தேங்குகிறதாம். கட்டி பெரிதாகாமல் இருக்க மருந்து ஏறுகிறது. நாளைக் காலை பத்து மணிக்குத் தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூனை ஊதி அந்தச் சுருக்கத்தை விரிக்க வேண்டும், கழுத்துக் குழாயை எடுத்துவிட்டுக் கொஞ்ச நாளைக்குத் தொடையில் வேறு வைக்க வேண்டும் என்கிறார்கள். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகிற ஆபத்தும் உண்டு, ஆனால் இப்படியே விட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரம்மா உடைத்துச் சொல்லிவிட்டார். அப்பாவோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். கழுத்து போச்சு, இனிமே தொடையா, போதும் விட்டுடு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சினேன், கத்தினேன், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கப் பார்க்கக் காலைக்கூடப் பிடித்தேன், மனுஷன் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வேறு போக்கு இல்லையடி. நீ அதட்டினால்தான் அவர் அடங்குவார். உனக்கு அப்பா வேண்டுமே என்று கேட்கவில்லை, பொய் சொல்வானேன், எனக்கு அவர் வேண்டும். அவர் இல்லாத வீட்டுக்குக் கதவைத் திறந்துகொண்டு என்னால் போக முடியாது.

நீ நூறு வயது நன்றாக இரு, உன் வாக்கு பலிக்கட்டும். இங்கே பத்து மணி ஆவதற்குள் கூப்பிடு. வீடியோ வேண்டாம், திரையில் தன் முகத்தைப் பார்த்தால் போனைக் கவிழ்த்துவிடுவார். குரல் மட்டும் போதும். அழாதே, திட்டு.

உன் அம்மா