ஊருக்கெல்லாம் சொன்னோம், அவளிடம் சொல்லவில்லை

அன்பு மருமகளே, தாயி,

நான்தான், உன் மாமா எழுதுகிறேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். பேங்கில் மை தொட்டு விரலை நீட்டிய ஆள் இன்று பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒரு வரி எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். நான் மனசுக்குள் சொன்னது அப்படியே அங்கே இருக்கிறது! இது என்ன அதிசயம் தாயி?

ஆனால் இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது. என் மகன் மேல், அதுதான் உன் புருஷன் மேல். உன் அண்ணன் மேல். என் மேலும்தான். இதைக் கேட்க வேண்டியவள் நீ. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

உன் மகள் வயசுக்கு வந்துவிட்டாள். சடங்கு அமோகமாக நடந்தது. தாய்மாமன் முறைக்கு உன் அண்ணன் ஒரு குறையும் வைக்கவில்லை. வாசலில் பச்சை ஓலையில் குடிசை கட்டினான். சீர்த்தட்டுகள் மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்தன. உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று அவள் கையெடுத்துக் கும்பிடுகிற வரைக்கும் ஊட்டினார்கள். மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே பேனர். உன் மகள் தலையில் கம்ப்யூட்டரில் செய்த கிரீடம். கீழே மாமன், மச்சான் என்று வரிசையாக முகங்கள்.

நான் அந்தப் பேனர் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெருமை தாங்கவில்லை.

"என்ன மாமா, முழுசா வாசிச்சிட்டீகளா? வாழ்த்துறவுக வரிசையில மொதப் பேரே நீங்கதான்" என்றான் உன் அண்ணன்.

வாசித்துக்கொண்டே வந்தவன் உன் பெயரில் நின்றுவிட்டேன். முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கடிதத்தில் உன் மகளின் பெயரை எழுதவில்லை. நடந்ததை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதிக்க தாத்தா. ஆனா பேரு வேணாம். பேனர்ல போட்டதே போதும்" என்றாள்.

சடங்கு முடிந்து அடுத்த மாதம் அவள் வேறு மாதிரி ஆகிவிட்டாள். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கேட்டால் வயிற்று வலி என்பாள். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தாத்தா, அம்மாவுக்கு மொதல்ல எங்க வலிச்சுச்சு?" என்று கேட்டாள். நான், டீ குடிக்கிறாயா என்று கேட்டேன்.

உன் புருஷனிடம், "பிள்ளைக்கு என்னன்னு கேளுடா" என்றேன்.

"நீங்க கேளுங்கப்பா. உங்ககிட்டதான நல்லாப் பேசுறா" என்றான்.

உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "கண்ணு பட்டிருக்கும் மாமா. அம்புட்டுக் கூட்டம்ல வந்துச்சு! சுத்திப் போடுங்க, சரியாயிரும்" என்றான்.

மிளகாய் வாங்கிச் சுற்றிப் போட்டோம். மூன்று ஆம்பளைகளால் செய்ய முடிந்தது அதுதான்.

வலி நிற்கவில்லை என்றதும், கப்பலூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பசுமலை டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று உன் புருஷன் கிளம்பினான். பைக்கில் அவன் முன்னால், பிள்ளை நடுவில், நான் பின்னால். பாதி வழியில் அவள் அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, அம்மாவைப் பாத்த பெரிய ஆஸ்பத்திரிக்கா போறோம்?"

"இல்லத்தா. இங்கதான், பசுமலைக்கு. சும்மா வயித்து வலிதான?"

"அங்க போயி என்ன செய்ய? பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லுவாக. எனக்கும் அம்மாவுக்கு வந்ததுதான் வந்திருக்கு."

வண்டி சடாரென்று ஓரம் போய் ஒரு பஞ்சர் கடை முன்னால் நின்றது. கடைக்காரன் ஓடி வந்து, "எந்த டயருண்ணே?" என்றான்.

"டயரு இல்லப்பா" என்றான் உன் புருஷன். பிறகு, "என்னத்தா சொல்ற?" என்றான்.

"ரத்தம் வருதுப்பா. மறுபடியும் வருது."

"மறுபடியும்னா... அது வரும்ல?"

"அதான் வந்து முடிஞ்சிருச்சே! சடங்கெல்லாம் வச்சாச்சே!"

புரிகிறதா தாயி? காது குத்துகிற மாதிரி, மொட்டை போடுகிற மாதிரி, ஒரு தடவை வரும், ஊரைக் கூட்டிச் சடங்கு செய்வார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறாள். மாதாமாதம் வரும் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. நீ படுக்கையில் கிடந்தபோது துணியெல்லாம் ரத்தமாக நனைந்ததை அவள் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அதுவும் எங்களுக்குத் தெரியாது. தானும் சாகப்போகிறோம் என்று அந்தச் சின்னப் பிள்ளை தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறாள். நாங்கள் மிளகாய் சுற்றிப் போட்டிருக்கிறோம்.

உன் புருஷன் திரும்பவே இல்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இது நோயி இல்லத்தா. மாசா மாசம் வரும். எல்லாப் பொம்பளப் பிள்ளைகளுக்கும் வரும். அம்மாவுக்கும் சின்ன வயசுல இருந்தே வந்துச்சு. அது வேற, நோயி வேற."

"மாசா மாசமா? எம்புட்டு நாளைக்கு?"

அவன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். "அம்பது வயசு வரைக்கும் வரும் ஆத்தா" என்றேன்.

"அம்பதா!" என்று கத்தினாள். பஞ்சர் கடைக்காரன் தொட்டித் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தான். தொட்டிக்குள் டியூபே இல்லை.

அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "அம்புட்டுப் பேரக் கூப்பிட்டுச் சோறு போட்டீக. மைக் செட் கட்டுனீக. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

பிறகு விசாரித்தேன். உன் அண்ணி பேடு எப்படி வைப்பது என்று காட்டியிருக்கிறாள். பசங்களோடு ஓடியாடி விளையாடாதே என்று சொல்லியிருக்கிறாள். மற்றதை இன்னொருத்தி சொல்லியிருப்பாள் என்று வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைத்தான் கூப்பிட்டுப் பேசினார்களாம். இவள் ஆறாவது.

உன் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "டிவியில இம்புட்டு விளம்பரம் போடுறான், தெரியாமலா இருக்கும்? அதெல்லாம் நாம பேசுற விசயமா மாமா?"

"நாலு தெருவுக்குக் கேக்குற மாதிரி மைக்குல சொன்னது மட்டும் பேசுற விசயமா?" என்றேன். போனை வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று பொறுமையாக விளக்கிச் சொன்னார். பிள்ளை இப்போது சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் விஷயம் முடியவில்லை தாயி. அன்றைக்கு அந்தக் கடையை விட்டுக் கிளம்பும்போது இன்னொன்று கேட்டாள்.

"அப்ப அம்மாவுக்கு வந்தது எது?"

உன் புருஷன் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தான். "வீட்ல போயிப் பேசுவோம்" என்றான். இன்று வரை பேசவில்லை. ஓவர்டைம் என்கிறான். அவள் தூங்கிய பிறகு வருகிறான், எழுந்திருப்பதற்கு முன்னால் போய்விடுகிறான். நீ படுத்திருந்த காலத்தில் வயிற்றில் கட்டி என்று சொன்னதோடு சரி, உன் பேச்சையே அவளிடம் எடுப்பதில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயம். கேட்காத பிள்ளை மனசுக்குள் என்ன முடிவு கட்டி வைத்திருக்கிறாளோ?

உன்னைப் பற்றிப் பேசினால் நீ இன்னொரு தடவை போய்விடுவாய் என்று நினைக்கிறானா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். காலையிலேயே பைக் சாவியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொள்வேன். அவளை அவன் எதிரில் உட்கார வைப்பேன். முதுகைக் காட்டாமல், முகத்தைப் பார்த்து, உனக்கு வந்தது என்ன, எப்படி வந்தது, எப்படிப் போனாய் என்று எல்லாவற்றையும் சொல்ல வைப்பேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை அவளிடமும் மற்றவர்களிடமும் படிக்கக் கொடுப்பேன்.

அவன் எழுந்து போனால் நான் சொல்வேன். கர்ப்பப்பைப் புற்றுநோய். முதலில் எழுத்து தப்பாக வந்தது, அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இப்போது சரியாக எழுத வருகிறது தாயி. வாயால் சொல்லவும் வரும்.

உன் மகளுக்குத் தாத்தாவும்
உனக்கு மாமாவும் ஆகிய நான்.