பாட்டுக்காரருக்கு ஒரு பூசை

என்ரை செல்லம்,

போனிலை கதைச்சால் அப்பா பக்கத்திலை இருப்பார். அதாலைதான் எழுதிறன். பயப்பிடாதை, நான் சுகமாய்த்தான் இருக்கிறன்.

அப்பா தன்ரை அமெரிக்கப் பாட்டுக்காரர் செத்த நாளுக்கு வருசா வருசம் எங்கடை மாதா கோயிலிலை பூசை ஒப்புக்குடுக்கிறவர் எல்லோ. அந்தாள் கத்தோலிக்கரே இல்லை எண்டாலும் கேக்கமாட்டார். இந்த முறையும் மேல்வீட்டு வெள்ளைக்காரர் ஜில்லும் அவற்றை ரெண்டு சிநேகிதரும் வந்து, ஒரு சொல் தமிழ் விளங்காமல், கவ்போய்த் தொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு முன்வாங்கிலை இருந்தினம்.

அப்பா எழுதிக் குடுத்த துண்டைப் புதுச் சுவாமி எடுத்து, மரித்த ஆன்மாவின்ரை பேரை வாசிச்சார். அது என்ரை பேர். சனம் திரும்பிப் பாத்துது. அப்பா கண்ணை மூடிச் செபிச்சுக்கொண்டிருந்தார்.

கண்ணாடி போடாமல் மாறி எழுதிப்போட்டார் எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சமாளிச்சன்.

பேந்து வீட்டிலை இசைத்தட்டைப் போட்டினம். அந்தக் குடிகாரப் பாட்டுகள் எல்லாத்தையும் அப்பா ஒரு சொல் பிழைக்காமல் பாடினார். ஜில் அழுதிட்டார். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாய் இருந்துது. நான் தேத்தண்ணி கொண்டுபோக, அப்பா எழும்பி எனக்குத் தன்ரை கதிரையை விட்டார்.

"உங்களுக்கும் இவற்றை பாட்டு விருப்பமோ?" எண்டு மரியாதையாய்க் கேட்டார். "என்ரை மனிசிக்கும் சரியான விருப்பம். பாவம், இருந்திருந்தால் கேட்டிருப்பா."

ஓம் எண்டு சொல்லிப்போட்டு அந்தக் கதிரையிலை இருந்தன்.

கெதியா வா பிள்ளை. வரேக்கை, உள்ளுக்கை வர முதல் வாசலிலை நிண்டு அவருக்கு உன்ரை பேரைச் சொல்லு.

அம்மா