கருப்பிக்கு வந்த இளநீர்

12 செப்டம்பர் 1957, வியாழன்

கருப்பி இன்றும் சோற்றில் வாய் வைக்கவில்லை. அடுப்படி மூலையில் சுருண்டு கிடக்கிறது. வெயில் சூடு என்றுதான் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா இளநீரோடு வந்து நின்றார். மெர்டேக்கா சுதந்திர நாளன்று கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்காக இதே பூனையைத் துடைப்பத்தால் அடித்தவர்.

“கம்போங் செட்டி தோப்புல கேட்டு வெட்டியாந்தேன். கொஞ்சம் கொஞ்சமா வாயில ஊத்துலா. எந்த விஷமா இருந்தாலும் முறிச்சிரும்” என்றார். அவரே மடியில் போட்டுப் புகட்டினார். கருப்பி நக்கிக் குடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

இப்போது தூக்கம் வரவில்லை. சூட்டுக்கும் இளநீர் கொடுப்பார்கள்தான். ஆனால் விஷம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லையே.