நான்கு எஞ்சின்களும் ஒரு பரிசோதகரும்

அண்ணை,

இன்று காலை உங்கள் மாதிரி ரயில் சங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் நான்கு டீசல் எஞ்சின்களின் வருடாந்தப் பரிசோதனை காலாவதியாகிவிட்டதாம். புதுப்பிக்காவிட்டால் சனிக்கிழமைக் கண்காட்சியில் ஓடவிடமாட்டார்களாம். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நீங்கள் சொன்ன பொய்யை மட்டும் ஜேர்மனி விடுவதாக இல்லை.

கொலோன் நகரில் நிலவறை உள்ள நம்மவர்கள் அதில் அரிசி மூட்டை வைத்தார்கள். நீங்கள் எப்போதோ மூடப்பட்ட ஓர் அமெரிக்க ரயில் கொம்பனியை வைத்தீர்கள். சாண் நீள எஞ்சின்கள். மஞ்சள் மூக்கு, நெற்றியில் இரட்டை விளக்கு. அமெரிக்காவுக்கு நீங்கள் போனதேயில்லை. பிறகு ஏன் என்று கேட்டேன்.

"ஓடுற கொம்பனியெண்டால் பிழை பிடிக்க ஆள் வருவான். மூடின கொம்பனிக்கு இப்ப நான்தான் பெரிய அதிகாரி."

பழைய படங்களில் துரு இருந்த இடத்தில் மட்டும் துரு தீட்டினீர்கள். கண்காட்சியில் இடம் கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தீர்கள். கிடைத்த வாரத்தில் சரஸ்வதி பூசை. தையல் மெஷின், கார்ச் சாவியோடு எஞ்சின்களையும் சாமிக்கு முன் வைத்தீர்கள். மனைவி என்ற உரிமையில் அக்கா நான்கின் நெற்றியிலும் குங்குமம் குழைத்து வைத்தார். பூசை முடிந்து துடைத்தால் போகவில்லை. பஞ்சு, ஸ்பிரிட், பல்தூரிகை எதற்கும் அசையவில்லை. உங்கள் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

சங்கத் தலைவர் எஞ்சினில் ஆணிகளை எண்ணுகிற மனிதர். கண்காட்சியில் உருப்பெருக்கியோடு குனிந்து, "இது என்ன?" என்றார்.

"வருடாந்தப் பரிசோதனை முடிந்த அடையாளம்" என்றீர்கள், சிரிக்காமல்.

"பரிசோதித்தது யார்?"

"என் மனைவி."

"அமெரிக்கக் கொம்பனியில் இந்த வழக்கம் இருந்ததா?"

"இல்லை. அதனால்தான் மூடவேண்டி வந்தது."

அவர் சற்று யோசித்து, படிவத்தில் அக்காவின் பெயரை எழுதி முத்திரை குத்தினார். அதன்பிறகு வருடாவருடம் அக்கா பொட்டு வைத்தார், தலைவர் குறித்துக்கொண்டார்.

இன்று கடிதத்தோடு அக்காவிடம் போய் எஞ்சின்களை மேசையில் அடுக்கினேன். வாசித்துச் சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். நீங்கள் போனதிலிருந்து அவர் குங்குமச் சிமிழைத் தொடுவதில்லை.

"நான் இனி வைக்கலாமோ, தம்பி? ஆராவது சுமங்கலியைக் கூப்பிடுங்கோவன்."

கடிதத்தை மறுபடி வாசிப்பதுபோல் வைத்துக்கொண்டேன். "ஏலாதக்கா. பரிசோதகர் எண்டு உங்கட பேர்தான் பதிஞ்சிருக்கு. ஆளை மாத்தப் புதுசா அன்ட்ராக் படிவம் நிரப்பிப் போடோணும். ஆறு மாதம் இழுப்பாங்கள்."

"புருசன் இல்லாதவள் வைக்கக் கூடாதெல்லோ?"

"படிவத்தில அப்பிடி ஒரு கட்டம் இல்லையக்கா."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களும் இவரை மாதிரியே கதைக்கப் பழகீட்டியள்."

சிமிழைத் திறந்தார். முதல் எஞ்சினில் பொட்டு கோணல். நான்காவது நல்ல வட்டம். கையைக் கழுவாமலே கேட்டார்: "சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும்?"

பரிசோதகர் நேரிலேயே வருகிறார் என்று தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் படிவத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, மற்ற உறுப்பினர்களின் எஞ்சின்களையும் அக்கா பார்ப்பாரா என்று கேட்டார்.

அதற்கு முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் எடுக்கவேண்டும் என்றேன். உங்களைப் போலவே, சிரிக்காமல்.